கறையில் உருக்கிற் செவ்விய துளையிடுமாறு

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தமைந்த உருக்கினைக் கறையில் உருக்கு என்பர். அடுக்களையில் அதற்கு எவர்சில்வர் என்று பெயர். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் விரைந்து தேயாதிருக்கும் வழியை ஆராய்ந்த ஹரி பிறேர்லி என்பார் இவ்வுருக்கு எளிதிற் கறைபடாமையைக் கண்டறிந்தார். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாக உப்புக்காற்று ஓயாது வீசும் நம் கரையோர ஊர்களில், மாடிக் கைபிடிக்கும் படகின் பூட்டுக்கும் மக்கள் இதனை நாடுவது இயல்பே.

தமிழாசிரியர்க்கு உருக்கோடு என்ன உறவு என மாணவர் வினவலாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) யாழ்நூல் இயற்றியவர். அவரே கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். கைத்தொழிலின் நுட்பத்தைத் தமிழில் விளக்குதல் அப்பெரியார் காட்டிய வழியேயாம்.

இவ்வுருக்கைத் துளைத்தல் ஏன் அரிது? காரணம் இரண்டு. முதலாவது, பெரிதும் வழங்கும் 304 என்னும் வகை (குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம்) அழுத்தியும் தேய்த்தும் வருத்துந்தோறும் கடினமாகும் இயல்பினது. அலகு வெட்டாது உராயுமாயின், அவ்விடம் முன்னையினும் வன்மை பெற்று அலகை மழுக்கிவிடும். இரண்டாவது, அது வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் சாதாரண உருக்கினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. எனவே சூடு பரவாது அலகின் நுனியிலேயே தங்கும்.

இவ்விரண்டையும் உணர்ந்தார்க்கு முறை தானே விளங்கும். மெதுவாகச் சுழற்றுக, உறுதியாக அழுத்துக. மரத்துக்குப் பழகிய கை விரைவாகச் சுழற்றி மெல்லத் தொடும். ஈண்டு அதுவே கேடு. கோபாற்று கலந்த உயர்வேக உருக்காலான, 135 பாகை முனையுள்ள அலகே ஏற்றது. வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 10 மீற்றர் எனக் கொள்வோம். 10,000ஐ, அலகின் விட்டத்தை மில்லிமீற்றரிற் கண்டு 3.14ஆற் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் சுழற்சி பெறப்படும். 6 மில்லிமீற்றர் அலகுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 530 சுற்று. 10 மில்லிமீற்றருக்கு 320. அலகு பெருக்கச் சுழற்சி குறையும் என்பதை மறவற்க.

தொடங்குமுன் தகட்டை இடுக்கியால் இறுகப் பிணிக்க வேண்டும். பிணியாத தகடு அலகோடு சுழன்று விரலைக் கொய்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக. கையுறையோ சுழலும் அலகிற் சிக்கும், ஆதலின் அணியற்க. சென்ரர் பஞ்சினால் ஒரே தட்டில் மெல்லிய குறியிடுக. பலமுறை தட்டின் அவ்விடமே கடினமாம். மெல்லிய தகட்டின் கீழ் மரப்பலகை வைத்தால் மறுபுறம் கிழியாது. வெட்டெண்ணெய் இடையறாது விடுக. நீண்ட சுருள் வருமாயின் அலகு வெட்டுகின்றது. தூளும் கிறீச்சொலியும் எழுமாயின் உராய்கின்றது. உடனே நிறுத்தி அலகைத் தீட்டுக. அலகு மறுபுறம் புறப்படுந் தறுவாயில் அழுத்தத்தைத் தளர்த்துக.

துளை முடிந்ததும் வேலை முடிந்ததன்று. விளிம்பிலுள்ள பிசிரை, பெரிய அலகொன்றைக் கையாற் சுழற்றி நீக்குக. இவ்வுருக்கைக் காப்பது, ஒரு சில நனோமீற்றர் தடிப்பே உள்ள குரோமிய ஒட்சைட்டுப் படலம். சூட்டால் நீலம் பாய்ந்த விளிம்பில் அக்காப்புக் குன்றும். சாதாரண இரும்புத் தூரிகையாலே தேய்த்தால் இரும்புத் துணுக்குப் படிந்து துருவுக்கு வித்தாகும். ஆகவே கறையில் உருக்குத் தூரிகையே கொள்க. கடலுப்பிலுள்ள குளோரைட்டு இத்தகைய பழுதான இடத்தையே தேடி அரிக்கும். கடலை அடுத்த வேலைக்கு, 2 முதல் 3 சதவீதம் மொலித்தனம் சேர்ந்த 316 என்னும் வகை மேலானது.

சிறு துளைக்கு இத்துணை விதியா எனல் வேண்டா. மாடிக் கைபிடியிற் சாயும் பிள்ளையின் பாரத்தை ஈற்றில் தாங்குவது ஆணி பொருந்திய அத்துளையே. அலைநடுவே படகின் பூட்டு நிற்பதும் அதனாலேயே. ஒரு துளைக்கு மூன்று அலகு மழுங்கினால் தொழிலாளியின் அன்றைய கூலி அலகுக்கே போம். செவ்வனே கற்றவனுக்கோ ஓர் அலகு பல துளைக்கு உதவும். நம் இளைஞருட் பலர் உள்ளூரிலும் கடல்கடந்தும் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர். பழைய மாணவருட் பட்டறை உடையோர், இன்றைய மாணவர் ஒரு பிற்பகலேனும் அருகு நின்று கற்க இடந்தருவாராக. கைப்பழக்கத்தோடு காரணமும் அறிந்தவனே தொழிலிற் சிறப்பான்.