குளத்துக்குள் 8,000 கம்பிகள்

அன்புள்ள கயல்,

“சோற்றுக்கே திண்டாடும் வட கொரியாவுக்கு அணுகுண்டு எதற்கு மாமா?” என்று கேட்டிருந்தாய். அங்கே ஆளும் கிம் குடும்பத்துக்குக் கிறுக்கு என்று சொல்லி முடித்துவிடலாம். டிவியில் அப்படித்தான் முடிக்கிறார்கள். கொடுங்கோலர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கிறுக்கர்களால் மூன்று தலைமுறை ஆள முடியாது.

கொரியப் போர் 1953இல் ஓய்ந்தது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. 1958 முதல் 1991 வரை தென் கொரியாவில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. வட கொரியாவின் கூட்டாளிகளான சோவியத்தும் (1990) சீனாவும் (1992) அதே தென் கொரியாவோடு உறவு வைத்துக்கொண்டன. துணைக்கு ஆளில்லாதவன் தலைமாட்டில் அரிவாள் வைத்துக்கொண்டு படுக்கிற கதைதான்.

வட கொரியாவின் அணுத் திட்டத்தால் 1994இல் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்குக்கே போய்ப் பேசினார். அக்டோபரில் ஜெனிவாவில் ஒப்பந்தம்: யோங்பியோன் அணு உலையை நிறுத்தினால் ஆண்டுக்கு 5 லட்சம் டன் ஃபர்னஸ் ஆயில், மின்சாரத்துக்கு வேறு வகை உலைகள் இரண்டு. உலையிலிருந்து எடுத்த சுமார் 8,000 எரிபொருள் கம்பிகள் அங்கே ஒரு குளத்தில் கிடந்தன. குண்டுக்கான புளூட்டோனியம் அவற்றில்தான் இருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை முத்திரை வைத்து, கேமரா மாட்டியது. எட்டு ஆண்டுகள் ஒரு கம்பிகூட வெளியே போகவில்லை.

பிறகு ஏன் கெட்டது? எண்ணெய் அடிக்கடி தாமதமானது. 2003க்குள் தருவதாகச் சொன்ன உலைக்கு முதல் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில். வட கொரியாவும் யோக்கியமில்லை. யுரேனியத்தைச் செறிவூட்ட ரகசியமாக வழி தேடிக்கொண்டிருந்தது. இதற்கிடையே அமெரிக்க அதிபர் புஷ் அந்த நாட்டைத் ‘தீமையின் அச்சு’ப் பட்டியலில் சேர்த்தார். 2002 டிசம்பரில் வட கொரியா முத்திரைகளை உடைத்து ஆய்வாளர்களை அனுப்பிவிட்டது. 2006 அக்டோபர் 9ஆம் தேதி முதல் குண்டு வெடித்தது.

லிபியாவின் கடாஃபி 2003இல் அணுத் திட்டத்தைக் கைவிட்டார், 2011இல் கொல்லப்பட்டார். பியோங்யாங் அதை மறக்கவில்லை.

அதனால் “முதலில் எல்லாவற்றையும் கொடு” என்றால் இனி நடக்காது. “மேற்கொண்டு செய்யாதே, கேமராவை மாட்டவிடு, இன்ன தேதிக்கு இன்னது தருகிறோம்” என்று பேச வேண்டும். சொன்ன தேதிக்குக் கொடுக்கவும் வேண்டும். இது குண்டை ஒழிக்காது, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும். இப்போதைக்கு எனக்கு அதுவே போதும்.

இடையில் கொஞ்ச காலம் திரும்ப அனுமதித்தார்கள்; ஆனால் 2009 ஏப்ரலுக்குப் பிறகு முகமையின் ஆய்வாளர் ஒருவரும் யோங்பியோனுக்குள் கால் வைக்கவில்லை.

அன்புடன்,
மாமா