கைத்தொழில் ஆய்வுக்கு எதை எடுப்பது?

மத்திகிரி, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருவில் வடிவமைப்பு படிக்கிறார்கள். ஒரு கைத்தொழிலை நேரில் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னதும் பெரும்பாலோர் பெங்களூருக்குப் பக்கத்திலிருக்கும் சென்னபட்டணாவின் மரப்பொம்மைக்கே ஓடுகிறார்கள். கூடப் படிப்பவர்கள் போகிறார்கள் என்பது ஒரு காரணம். “இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரு” என்று வீட்டில் சொல்வது இன்னொன்று.

காஞ்சிப் பட்டு, திண்டுக்கல் பூட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எல்லாமே நல்ல தேர்வுகள்தான். பொம்மையைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். தொழிலில் ஒரு குறையும் இல்லை. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்தி, தாழை மடலால் மெருகேற்றுவது அருமையான வேலை. ஆனால் வருடந்தோறும் மாணவர்களைப் பார்த்துப் பழகியவர்கள், நீங்கள் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள். படமும் அதே, பொம்மைக்குப் புது நிறம் கொடுக்கலாம் என்ற பரிந்துரையும் அதே. என்னிடம் வரும் அறிக்கைகளில் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. நீங்களாகக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

என்னைக் கேட்டால் திருச்சி உறையூரின் சுருட்டு. என் அம்மாவின் அப்பா அங்கே சுருட்டு சுற்றியவர், அந்தப் பாசம் எனக்கு உண்டு. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே சாம்பலை வைத்துத் திருச்சிச் சுருட்டை அடையாளம் காண்கிறார் துப்பறிவாளர். இன்று சுற்றத் தெரிந்தவர்கள் சிலரே. ஈரமாக்கிய இலையின் நடுநரம்பை உருவிவிட்டு, உள்ளிலைகளைக் கையில் கூட்டிப் பிடிப்பார்கள். இறுக்கிவிட்டால் புகை இழுக்க வராது, தளர்ந்தால் சீக்கிரம் எரிந்துவிடும். மேலிலையைச் சாய்வாகச் சுற்றிப் பசை தொட்டு ஒட்டுவது கடைசி வேலை. இரு முனையும் வெட்டியது ஒரு வகை, நுனி ஒடுங்கியது இன்னொரு வகை. கியூபாவில் ஈரம் காயுமுன் மூன்று சுருட்டுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுவார்கள், அதற்குக் குலேப்ரா என்று பெயர்.

புகையிலை என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அது உடலுக்குக் கேடு, சந்தேகமே இல்லை. சுற்றுபவர் சுவாசிக்கும் தூசியையும் வாங்கும் கூலியையும் சேர்த்தே எழுதுங்கள்.

எதை எடுத்தாலும் உங்களுக்கு அது ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். கையசைவைப் பார்த்த மாத்திரத்தில் வரைய வருமா? ஒருவர் பக்கத்தில் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார முடியுமா? முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அவராகப் பேச்சுக் கொடுக்கும்வரை பொறுங்கள், கேள்விகளை அதன் பிறகு கேட்கலாம்.