ஒப்படைப்பதற்காகவே ஒரு வளர்ப்பு



வளர்ப்பு என்றதும், ஓர் உயிரை இறுதிவரை நம்முடன் வைத்துக்கொள்வதையே எண்ணுகிறோம். பிறரிடம் ஒப்படைப்பதற்காகவே வளர்க்கும் வளர்ப்பும் ஒன்று உண்டு. தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயை, நிலையான வீடு கிடைக்கும்வரை சில வாரங்களோ சில மாதங்களோ நம் வீட்டில் பேணுவதே அது. விலங்குக் காப்பகங்களில் இடம் குறைவு. ஒரு குடும்பம் ஒரு நாயை ஏற்றுக்கொண்டால், அங்கே இன்னொரு நாய்க்கு இடம் கிடைக்கிறது.

நாய்கள் தெருவுக்கு வந்த கதை தோட்ட மக்கள் அறியாததன்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயத்து வாசலைக் காத்த நாய்கள் பல அங்கேயே நின்றுவிட்டன. வேறு சில, குட்டியாக இருக்கையில் கொஞ்சப்பட்டு, வளர்ந்து துள்ளத் தொடங்கியதும் கைவிடப்பட்டவை. அதே துள்ளல் அடுத்த வீட்டாரையும் சலிப்படையச் செய்தால், அந்த நாய் மீண்டும் தெருவுக்கே வரும். எனவே, நம்மிடம் இருக்கும் சில வாரங்களில் அது கற்றுக்கொள்வதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இளநாய் ஏன் இப்படி ஓடுகிறது? ஏன் செருப்பைக் கடிக்கிறது? குறும்பு என்று சொல்லிவிடுவது எளிது. காரணம் அறிவதே பயன் தரும். நாய்க்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறத்தாழ ஏழு மாதத்திற்குள் அவை விழுந்து, 42 நிலைப் பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு ஊறுவதால் எதையேனும் கடிக்க வேண்டியிருக்கிறது. பல் முளைத்த பின்னரும் கடிக்கும் ஆசை சில காலம் நீடிக்கும். மேலும், தெருவில் இரை தேடி நாள் முழுதும் அலைந்த நாயைச் சங்கிலியில் கட்டிப் போட்டால், அதன் ஆற்றல் எங்கே போகும்? மண்ணைத் தோண்டுவதிலும் ஓயாது குரைப்பதிலுமே போகும்.

ஆதலால், அந்த ஆற்றலுக்கு நல்ல வழி காட்ட வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் கழுத்துவாரும் கயிறும் மாட்டி நடத்திச் செல்லுங்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது; எனவே நண்பகல் நடை வேண்டா. கடிப்பதற்குக் கெட்டியான இரப்பர்ப் பொருள் ஒன்றைக் கொடுங்கள். உணவில் ஒரு பகுதியை வீட்டுத் தாழ்வாரத்தில் ஆங்காங்கே மறைத்து வைத்து, மோப்பம் பிடித்துத் தேடச் செய்யுங்கள். மூக்குக்கு வேலை கிடைத்தால் உடல் மட்டுமன்றி மனமும் களைத்து, நாய் அமைதியாக உறங்கும். இளநாய்க்கு ஓட்டத்தைப் போலவே உறக்கமும் தேவை. உறங்கும் நாயைக் குழந்தைகள் சீண்டலாகாது.

அடித்தால்தான் அடங்கும் என்பாரும் உளர். அடிபட்ட நாய் கற்பது அச்சம் ஒன்றையே. அச்சமே பல வேளைகளில் கடியாக முடிகிறது. நாய் மேலே தாவினால், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் நின்ற அக்கணமே பாராட்டி, சிறு தீனி கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும்.

இதில் முக்கியமான ஒன்றுண்டு. அப்பா ‘உட்கார்’ என்கிறார். அண்ணன் ‘சிட்’ என்கிறான். தங்கை ‘டூடோக்’ என்கிறாள். நாய் குழம்பிப் போகிறது! வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லுதல் வேண்டும். அச்சொல்லோடு ஒரு கைச்சைகையையும் பழக்குங்கள். நாளை அந்நாய் வேறு மொழி பேசும் இல்லத்திற்குப் போகலாம். சொல் மாறினாலும் சைகை மாறாது.

உடல்நலத்தில் கருத்து வேண்டும். விலங்கு மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறும் சாக்லேட்டும் நாய்க்குக் கேடு. சமைத்த கோழி எலும்பு சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும். செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்தின் அருகே அதை விடாதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியது. யாரையேனும் நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அண்டை அயலாரையும் எண்ணுவோம். நம் முஸ்லிம் நண்பர்கள் நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டியவர்கள். அவர்கள் வாசலுக்கு நாய் செல்லாமல் காப்பது நம் பொறுப்பு. விலங்கை வதைப்பது சட்டப்படியும் குற்றமே. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கென்று ஒரு பணி உண்டு. ஒரு குறிப்பேட்டை எடுத்து, நாய் என்ன உண்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எந்தச் சைகையை அறிந்தது, எப்போது தடுப்பூசி போடப்பட்டது என்று நாள்தோறும் எழுதுங்கள். நாயுடன் அதையும் புதிய வீட்டாரிடம் கொடுங்கள். அதைப் படிப்பவர்கள் அந்நாயை ஒரு புதிராக அல்லாமல், அறிமுகமான உயிராக ஏற்பார்கள்.

பிரியும் நாளில் கண் கலங்கும், அது இயல்பே. தொடக்கப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகளை ஆசிரியர்கள் இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கவில்லையா? அதனை இழப்பென்று எவரும் கூறுவதில்லை. நல்ல பழக்கத்தோடு அனுப்பினோமா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லுமாறு வளர்ப்போம், மனமுவந்து ஒப்படைப்போம்.