நாளுக்கு ஒரு கேள்வி

தில்லி பெரிய நகரம். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. சிலர் கட்டட வேலை செய்கிறார்கள். சிலர் வீட்டு வேலை செய்கிறார்கள். சிலர் இட்லிக் கடை வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு குடியிருப்பில் மாலை நேரப் படிப்பு மையம் நடக்கிறது. பெரியவர்கள் வந்து படிக்கிறார்கள். அங்கே ஒரு கரும்பலகை உண்டு. தினமும் அதில் ஒரு கேள்வி இருக்கும். மறுநாள் மாலை விடை சொல்ல வேண்டும். யாரிடமும் கேட்கலாம். எதையும் படித்துப் பார்க்கலாம்.

அந்த வாரம் நிஜாமுதீன் தர்காவில் உரூஸ் விழா வந்தது. தெருவெல்லாம் விளக்கு. வெளியூர்க் கூட்டம் வேறு.

"அது அவங்க திருவிழா. நமக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார் ஓர் அம்மா. பத்து ஆண்டுகளாக அந்தப் பக்கமாகத்தான் அவர் வேலைக்குப் போகிறார். ஒரு நாளும் தர்காவை எட்டிப் பார்த்ததில்லை.

"பத்து வருஷமா பக்கத்துல இருக்கோம். அவர் யாருன்னு தெரிஞ்சுக்கலாமே அம்மா" என்றார் ஆசிரியை.

ஏழு நாள், ஏழு கேள்வி என்று முடிவானது. ஆசிரியை பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'ஆதாரம் உள்ளது' என்று எழுதினார். மறுபக்கம் 'சொல்லி வருவது' என்று எழுதினார். விடை எந்தப் பக்கம் சேரும் என்றும் சொல்ல வேண்டும்.

முதல் நாள்

கேள்வி: திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில் புறப்படுகிறது. தில்லியில் எந்த நிலையத்தில் போய் நிற்கிறது?

இதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். "நிஜாமுதீன்! ஊரிலிருந்து வரும்போது அங்கேதானே இறங்குவோம்!"

நிலையத்தின் முழுப் பெயர் ஹஜ்ரத் நிஜாமுதீன். ஹஜ்ரத் என்பது மரியாதைச் சொல். நிஜாமுதீன் அவுலியா ஒரு சூஃபி ஞானி. தமிழ் முஸ்லிம்கள் இப்படிப்பட்டவரை 'இறைநேசர்' என்பார்கள். சுமார் 1238-இல் பதாயூன் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. இளம் வயதில் படிப்பதற்காகத் தாயுடன் தில்லிக்கு வந்தார். அவரும் பிழைக்க வந்த குடும்பம்தான்.

இரண்டாம் நாள்

கேள்வி: உரூஸ் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? பிறந்த நாளா? இறந்த நாளா? திருமணமா?

பாதிப் பேர் பிறந்த நாள் என்றார்கள். மீதிப் பேர் இறந்த நாள் என்றார்கள். திருமணம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

விடை: திருமணம். அது அரபுச் சொல். ஞானி இறந்த நாளில்தான் உரூஸ் நடக்கும். ஆனால் அது துக்க நாள் அல்ல. அன்று அவர் இறைவனோடு சேர்ந்துவிட்டார் என்பது நம்பிக்கை. அதனால்தான் அதற்குத் திருமணம் என்று பெயர்.

"நம்ம ஊர்ல நாயன்மார் குருபூஜை அப்படித்தானே?" என்றார் ஒரு பெரியவர். அது சரிதான். அவர்கள் இறைவனடி சேர்ந்த நாளில்தான் குருபூஜை நடக்கும். புனித சவேரியார் 1552 டிசம்பர் 3-இல் இறந்தார். அவருடைய திருநாளும் டிசம்பர் 3-தான்.

மூன்றாம் நாள்

கேள்வி: உரூஸ் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் ஏன் வருவதில்லை?

நிஜாமுதீன் 1325 ஏப்ரல் 3-இல் இறந்தார். முஸ்லிம் நாட்காட்டியில் அது ரபியுல் ஆகிர் மாதம் 18-ஆம் நாள். அந்த நாளை வைத்தே விழா நடக்கிறது. அந்த நாட்காட்டி நிலவைப் பின்பற்றுகிறது. நிலவு ஆண்டுக்கு 354 நாள். சில ஆண்டுகளில் 355 நாள். ஆங்கில ஆண்டுக்கு 365 நாள்.

கட்டட வேலை செய்யும் ஒருவர் பலகையில் கணக்குப் போட்டார். 365-இல் 354 போனால் 11. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். மூன்று ஆண்டில் 33 நாள் முன்னால் வரும். நாகூர் கந்தூரிக்கும் இதே கணக்குத்தான்.

தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுகிறது. அதனால் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வந்துவிடும். வேளாங்கண்ணித் திருநாள் ஆங்கில நாட்காட்டிப்படி செப்டம்பர் 8. அது மாறாது.

நான்காம் நாள்

கேள்வி: நிஜாமுதீனின் மடத்தில் தினமும் அணையாமல் எரிந்தது எது?

"விளக்கு" என்றார்கள் சிலர். "அடுப்பு" என்றார் இட்லிக் கடைக்காரர். அவர் சொன்னதே விடை.

நிஜாமுதீனுக்குச் சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் பீபி சுலைகா பாடுபட்டு வளர்த்தார். வீட்டில் சில நாள் சோறு இருக்காது. "இன்று நாம் இறைவனின் விருந்தாளிகள்" என்று தாய் சொல்வாராம். பசி என்றால் என்ன என்று மகனுக்குத் தெரியும்.

பெரியவரான பின் அவர் தில்லிக்கு வெளியே கியாஸ்பூர் என்ற சிற்றூரில் தங்கினார். இன்றைய நிஜாமுதீன் பகுதி அதுதான். அங்கே ஏழைகளுக்கு இலவசச் சமையல்கூடம் நடந்தது. அதற்கு லங்கர் என்று பெயர். எந்த மதம் என்று கேட்காமல் சோறு போட்டார்கள். வந்த காணிக்கையைச் சேர்த்து வைக்காமல் செலவழித்தார்கள்.

ஆனால் அரண்மனைக்கு அவர் போகமாட்டார். சுல்தானே பார்க்க வர விரும்பினாராம். "என் வீட்டுக்கு இரண்டு வாசல். சுல்தான் ஒன்றில் நுழைந்தால் நான் மற்றதில் வெளியேறுவேன்" என்றாராம்.

லங்கர் நடந்ததை 'ஆதாரம் உள்ளது' பக்கம் எழுதினார்கள். தாய் சொன்னதையும் இரண்டு வாசல் கதையையும் 'சொல்லி வருவது' பக்கம் எழுதினார்கள்.

ஐந்தாம் நாள்

கேள்வி: தண்ணீரில் விளக்கு எரியுமா?

தர்கா அருகே ஒரு படிக்கிணறு இருக்கிறது. இந்தியில் அதை பாவ்லி என்பார்கள். நிஜாமுதீன் காலத்தில் அதைக் கட்டினார்கள். அப்போது சுல்தான் கியாசுதீன் துக்ளக் ஒரு பெரிய கோட்டை கட்டினார். அதுதான் துக்ளகாபாத். பகலில் கோட்டை வேலை. கூலியாட்கள் இரவில் வந்து கிணறு வெட்டினார்களாம். சுல்தானுக்குக் கோபம் வந்ததாம். விளக்குக்கு எண்ணெய் விற்கக் கூடாது என்றாராம். அப்போது கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே விளக்கு எரிந்ததாம்.

சுல்தான் வங்காளப் போருக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் நிஜாமுதீனைத் தண்டிப்பார் என்று பேச்சு. அதற்கு நிஜாமுதீன், "தில்லி இன்னும் தூரம்" என்றாராம். சுல்தான் தில்லி வந்து சேரவில்லை. வழியில் மரப் பந்தல் சரிந்து இறந்தார்.

"இதெல்லாம் நடந்ததா டீச்சர்?" என்று கேட்டார் ஒரு பாட்டி.

"நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க பாட்டி" என்றார் ஆசிரியை.

பாட்டி யோசித்துச் சொன்னார். கிணறு இருக்கிறது. கோட்டை இருக்கிறது. பந்தல் சரிந்து சுல்தான் 1325-இல் இறந்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இவை ஆதாரம் உள்ளவை. தண்ணீரில் எரிந்த விளக்கு சொல்லி வருவது.

"அப்போ அது பொய்யா?" என்றார் ஒருவர்.

"பொய்னு தள்ள வேண்டாம் தம்பி. மக்கள் யார் பக்கம் நின்னாங்கன்னு அந்தக் கதை சொல்லுது. ஆனா கதையைக் கதைன்னு தெரிஞ்சு கேட்கணும்" என்றார் பாட்டி.

அந்தக் கிணற்றில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. 2008-இல் அதன் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு அதைச் சரிசெய்தார்கள்.

ஆறாம் நாள்

கேள்வி: 700 ஆண்டுக்கு முன் நிஜாமுதீன் பேசியது இன்று எப்படித் தெரிகிறது?

அவருடைய சீடர் அமீர் ஹசன். அவர் ஒரு கவிஞர். குருவின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து எழுதி வைத்தார். 1308-இல் தொடங்கினார். 1322 வரை எழுதினார். பார்சி மொழியில் உள்ள அந்த நூலின் பெயர் பவாயிதுல் புவாத். இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இன்னொரு சீடர் அமீர் குஸ்ரு. அவரும் பெரிய கவிஞர். பார்சியிலும் மக்கள் பேசிய இந்தவி மொழியிலும் பாடினார். குரு இறந்த அதே 1325-இல் அவரும் இறந்தார். குருவின் சமாதிக்கு அருகிலேயே அவர் சமாதி இருக்கிறது.

"ஒருத்தர் எழுதி வெச்சதாலதான் இது நிக்குது. இல்லேன்னா காத்துல போயிருக்கும்" என்றார் இட்லிக் கடைக்காரர்.

ஏழாம் நாள்

கேள்வி: தர்காவுக்குள் யார் போகலாம்?

எந்த மதத்தவரும் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டும். தலையை மூடிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை மாலையில் கவ்வாலி பாட்டு நடக்கும். ரோஜாப் பூவும் சாதரும் கடையில் விற்பார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனால் சமாதி இருக்கும் உள் அறைக்குள் பெண்களை விடுவதில்லை. அவர்கள் வெளியே பளிங்குச் சன்னல் அருகே நின்று வேண்டிக்கொள்கிறார்கள். இது சரியா என்று கேட்டு 2018-இல் சட்டம் படிக்கும் மாணவிகள் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

"தாய்தானே அவரை வளர்த்தார்? பிறகு ஏன் பெண்களை விடுவதில்லை?" என்று கேட்டார், முதல் நாள் 'நமக்கு எதுக்கு' என்ற அதே அம்மா.

வகுப்பு அமைதியானது. சிலர் பழைய வழக்கம் என்றார்கள். சிலர் வழக்கம் மாறலாம் என்றார்கள். சபரிமலைப் பேச்சும் வந்தது. விடை ஒன்றாகவில்லை.

"இது நல்ல கேள்வி அம்மா. இந்தக் கேள்வி பலகையிலேயே இருக்கட்டும்" என்றார் ஆசிரியை. அந்த அம்மாவே சாக்கட்டியை வாங்கினார். எழுத்துக் கூட்டி, தன் கையால் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதினார்.

புதிய சொற்கள்

உரூஸ் – இறைநேசர் இறந்த நாளில் நடக்கும் விழா
லங்கர் – இலவசச் சமையல்கூடம்
பாவ்லி – படிக்கிணறு
சாதர் – சமாதி மேல் போர்த்தும் துணி
கவ்வாலி – குழுவாகப் பாடும் பக்திப் பாட்டு

விடை எழுதுங்கள்

1. நிஜாமுதீன் எந்த ஆண்டில் இறந்தார்? இந்த ஆண்டோடு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?
2. உரூஸ் ஆண்டுக்கு 11 நாள் முன்னால் வந்தால், ஐந்து ஆண்டில் எத்தனை நாள் முன்னால் வரும்?
3. 'சொல்லி வருவது' பக்கத்தில் சேர வேண்டிய இரண்டு செய்திகளை எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் வேறு மதத்தவர் விழா ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த விழாவைக் கொண்டாடும் ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் சொன்ன விடைகளை எழுதுங்கள். எதற்கு ஆதாரம் உள்ளது, எது சொல்லி வருவது என்று பிரியுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.