வழிகாட்டியைக் கதையாக எழுதலாமா?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து கம்ப்யூட்டரில் விளையாடும் சிறிய அட்வென்ச்சர் கேம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தால்தான் கதை நகரும். அதற்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ‘இங்கே போ, இதை எடு, அங்கே வை’ என்று எழுதி எனக்கே சலித்துவிட்டது. கதாநாயகியே தன் பயணத்தைச் சொல்வதுபோல் கதையாக எழுதினால் என்ன? இதற்கு முன் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா? விளையாடுபவருக்கு உண்மையிலேயே உதவுமா?
— வாசகி, கோவை

பதில்: செய்திருக்கிறார்கள், மிக அழகாகவும் செய்திருக்கிறார்கள். நீங்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது, பீட்டர் ஸ்பியர் எழுதி 1989-இல் வெளிவந்த ‘தி கிங்ஸ் குவெஸ்ட் கம்பேனியன்’. சியரா நிறுவனத்துக்காக ரொபெர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த கிங்ஸ் குவெஸ்ட் கேம்களுக்கான வழிகாட்டி அது. கேம் நடக்கும் டாவென்ட்ரி உலகத்திலேயே வாழும் டெரெக் கார்லவேகன் என்ற எழுத்தாளர் நம் உலகத்துக்குச் செய்தி அனுப்புகிறார், அதைத்தான் நாம் படிக்கிறோம் என்பது ஸ்பியர் செய்த கற்பனை. ஒவ்வொரு கேமின் தீர்வும் ஒரு கதையாக விரியும். 1992-இல் ரூசல் டிமாரியாவும் கரோலைன் ஸ்பெக்டரும் அல்டிமா வரிசையின் நான்கு, ஐந்து, ஆறாம் கேம்களுக்கு ‘தி அவதார் அட்வென்ச்சர்ஸ்’ என்ற பெயரில் இதே வகையில் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிறகு ‘மிஸ்ட்’ கேமுக்கு ரிக் பார்பா, டிமாரியாவுடன் சேர்ந்து எழுதிய வழிகாட்டியும் தீவில் தனியாக அகப்பட்டவர் தன் அனுபவத்தைச் சொல்லும் குரலில் அமைந்தது.

இந்த வடிவம் அட்வென்ச்சர் கேம்களுக்கு ஏன் பொருந்தியது என்பதற்கு 1990-இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’-இலிருந்து ஓர் இடம் சொல்கிறேன். ஊர் பேக்கரி அருகே ஒரு பூனை எலியைத் துரத்தும். காட்சி சில நொடிகள்தான். அதற்குள், பாலைவனத்தில் கண்டெடுத்த பழைய பூட்ஸை நீங்கள் பூனைமேல் எறிய வேண்டும். வெகு நேரம் கழித்து, சத்திரத்தின் நிலவறையில், கதாநாயகனான மன்னர் கிரஹாமைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது கயிற்றைக் கடித்து அவரை விடுவிப்பது அந்த எலிதான். அன்றைக்கு அதைக் காப்பாற்றாமல் விட்டவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பழைய சேவ் இல்லையென்றால் முதலிலிருந்து ஆட வேண்டும்.

‘பூட்ஸை எறி’ என்று ஒரே வரியில் சொன்னாலும் விளையாடுபவர் எறிந்துவிடுவார். ஆனால் எலிக்கும் கயிற்றுக்கும் உள்ள உறவு அவருக்குப் பிடிபடாது. கதையோ ஒரு செயலைச் சொல்லும்போதே அதன் காரணத்தையும் பின்விளைவையும் கூடவே கொண்டுவருகிறது. அடுத்து என்ன செய்வது என்பது தானாகவே மனதில் நிற்கிறது. உங்கள் வழிகாட்டிக்கும் இந்தப் பலம் கிடைக்கும். ஆகவே எழுதுங்கள் என்றே சொல்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிறுகதை எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சிறுகதையில் சூழலுக்காக ஒரு தூண்டாமணி விளக்கை வர்ணிக்கலாம். வழிகாட்டியில் அப்படிச் செய்தால், மாட்டிக்கொண்டு தவிக்கும் வாசகர் அந்த விளக்கைத் தேடித் திரை முழுவதும் கிளிக் செய்துகொண்டிருப்பார். அவர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் துப்பாகத்தான் படிக்கிறார். கேமில் தொட முடியாத பொருளைக் கதையிலும் தொடாதீர்கள். தொட வேண்டியதை, கேமில் என்ன பெயரோ அதே பெயரில் சொல்லுங்கள். சாவி ஒரு பத்தியில் ‘சாவி’, அடுத்ததில் ‘திறவுகோல்’ என்றால் இரண்டு பொருள் என்று நினைத்துவிடுவார்.

கதாநாயகி தவறாக முயல்வதையும் எழுதுங்கள், அந்தத் தோல்வி ஏதாவது கற்றுத்தரும் இடத்தில் மட்டும்.

கதைக்குள் அடங்காத புதிர்களும் உண்டு. 1984-இல் வந்த முதல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’டில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயரின் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பதிலாக, அகரவரிசையைத் தலைகீழாக்கினால் வரும் எழுத்தைப் போட்டு, 15 எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். எந்த உரைநடையும் இதை இயல்பாகத் தாங்காது. அட்டவணையாகப் போட்டுவிடுவதே நல்லது. சண்டை கேம்களுக்கு இந்த வடிவமே வேண்டாம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இல் ஹடோகென் அடிக்கக் கீழே, கீழ்-முன், முன், குத்து என்ற வரிசைதான் தேவை. வீரனின் மனநிலை அங்கே உதவாது.

கதை வடிவத்தில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு புதிரில் சிக்கியவர் கதையைப் புரட்டினால், தனக்கு வேண்டாத அடுத்த மூன்று விடைகளையும் படித்துவிடுவார். இன்ஃபோகாம் நிறுவனம் 1980-களில் விற்ற ‘இன்விசிக்ளூஸ்’ ஏடுகள் இதை அருமையாகத் தீர்த்தன. கேள்விகள் கண்ணுக்குத் தெரியும், விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் முதலில் லேசான குறிப்பு, போதாவிட்டால் இன்னும் தெளிவானது, கடைசியில் முழு விடை. எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆடுபவரே தீர்மானித்தார்.

அதனால் உங்கள் புத்தகத்தின் முன்பாதியைக் கதைக்கும், பின்பாதியைப் புதிர்வாரியான சிறு குறிப்புகளுக்கும் கொடுங்கள். கதையின் ஒவ்வோர் அத்தியாயமும் கேமில் ஓர் இடத்தோடு முடியட்டும், அதற்குமேல் எட்டிப் பார்க்க வேண்டாம். எழுதி முடித்ததும், கேமைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, அதை மட்டும் வைத்து ஆடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.