மீன் தொட்டியில் பெருகும் நத்தைகள்

வீட்டு மீன் தொட்டியில் அழையாமல் வந்து பெருகுபவை பெரும்பாலும் மூன்று வகை நத்தைகள். மெல்லிய ஓடு இடப்புறமாகச் சுழன்று கூர்முனையில் முடிந்தால் அது பிளாடர் நத்தை. ஓடு தட்டையாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். திருகாணிபோல நீண்டிருந்தால் டிரம்பெட். முதல் இரண்டு வகைகளில் ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். ஒரேயொரு பிளாடர் நத்தைகூடத் துணையின்றி முட்டையிட்டுவிடும். கடையில் வாங்கும் செடியின் இலையடியில் நிறமற்ற வழவழப்புத் துளியாக ஒட்டியிருக்கும் முட்டைகள், சென்னை வெயிலில் வெதுவெதுக்கும் நீரில் ஓரிரு வாரங்களில் பொரிந்துவிடும். டிரம்பெட் முட்டையிடாது, குஞ்சு ஈனும். அதற்கும் ஆண் துணை தேவையில்லை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடப்பதால், அது கண்ணில் படும்போதே தொட்டியில் கூட்டம் பெருகியிருக்கும்.

திடீர்ப் பெருக்கத்துக்கு முதற்காரணம் மிஞ்சும் தீவனம். மீன்கள் ஓரிரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குமேல் போடுவதெல்லாம் அடியில் தங்கி நத்தைக்கு உணவாகிறது. தீவனத்தைக் குறைத்து, அழுகிய இலைகளைக் கிள்ளி எடுத்து, நீர் மாற்றும்போது சைஃபன் குழாயால் மணலின் கசடையும் உறிஞ்சிவந்தால் முட்டையிடுவது தானாகவே குறையும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மற்ற எந்த வழியும் இதற்குத் துணைதானே தவிர மாற்று ஆகாது.

இருப்பவற்றைக் குறைக்க வெள்ளரித் துண்டு போதும். விளக்கணைத்த பிறகு தொட்டியின் அடியில் அதை வைத்தால் இரவில் நத்தைகள் மொய்க்கும். விடிந்ததும் துண்டோடு எடுத்துவிடலாம். தொடர்ந்து சில இரவுகள் செய்தால் வித்தியாசம் தெரியும்.

செப்பு கலந்த நத்தை மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. செப்பு இறால்களையும் கொல்லும். நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நாளில் செத்து ஓட்டுக்குள்ளேயே அழுகினால் அம்மோனியா ஏறும்; நத்தையை ஒழிக்கப்போய் மீன்களை இழக்க நேரும்.

நத்தை தின்னும் மீன்களை வாங்குவதிலும் நிதானம் வேண்டும். கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் கிளவுன் லோச் ஓர் அடிவரை வளரக்கூடியது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஒன்றை மட்டும் வாங்கி விடுவதும் கொடுமை. கேரள ஆறுகளுக்குரிய பட்டாணி பஃபர் ஓர் அங்குல அளவே இருந்தாலும் கப்பிகளின் வாலைக் கடித்துக் குதறும். சிறு தொட்டிக்கு ஏற்றது அசாசின் நத்தை. அது மற்ற நத்தைகளை மெதுவாகத் தின்று தீர்க்கும். மெதுவாகவே இனம் பெருக்கும்.

புதுச் செடியைப் படிகார நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபின் தொட்டியில் நட்டால் நத்தை நுழையும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

அளவோடு இருக்கும் நத்தைகளை விட்டுவைக்கலாம். அவை பாசியையும் அழுகலையும் தின்னும். டிரம்பெட் மணலைக் கிளறி இறுகாமல் வைக்கும். பகலிலேயே டிரம்பெட்டுகள் கூட்டமாகக் கண்ணாடியில் மேலேறினால் நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அப்போது நத்தைகளைப் பொறுக்குவதற்கு முன் ஒரு பங்கு நீரை மாற்றி, காற்று பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.