நிலக்கடலையில் டிக்கா புள்ளியும் துரு நோயும்: இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை இப்போது விழுது இறங்கும் பருவத்தில் நிற்கிறது. நம் குடும்பங்களில் சிலர் நகையை அடகு வைத்து, குத்தகை நிலத்தில் விதைத்திருக்கிறார்கள். அவர்கள் இந்த நாட்களில் கேட்பது ஒன்றுதான்: "இலையில் புள்ளி விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்துக்கடைக்குப் போகும் முன் கொல்லைக்குள் இறங்கி, செடியின் அடியில் உள்ள முதிர்ந்த இலைகளைப் பறித்து இரண்டு பக்கமும் பார்ப்போம். மேற்பக்கத்தில் பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றித் தெளிவான மஞ்சள் வளையம் இருந்தால் அது முன்பருவ இலைப்புள்ளி. ஏறத்தாழ ஒரு மாதப் பயிரிலேயே தென்படும். பின்பருவ இலைப்புள்ளி இதைவிடக் கறுப்பு. மஞ்சள் வளையம் இருக்காது, இருந்தாலும் மங்கலாக இருக்கும். இலையைத் திருப்பினால் புள்ளி கரி போலக் கறுத்து, விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். இவை இரண்டையும் சேர்த்தே டிக்கா நோய் என்கிறோம். துரு நோய் வேறு. அதில் இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் சிறு கொப்புளங்கள் இருக்கும். தடவினால் துருப்பொடி கையில் ஒட்டும். டிக்கா தாக்கிய இலை உதிரும். துரு தாக்கிய இலை காய்ந்தும் செடியிலேயே தொங்கும்.

கொழுந்து இலை மட்டும் வெளிறி, நரம்பு பச்சையாக இருக்கிறதா? அது பூஞ்சணமே இல்லை, இரும்புச்சத்துக் குறை. அதற்குப் பூஞ்சண மருந்து அடிப்பது வீண் செலவு.

இவ்வளவு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் அதிகம் கொடுக்கும் கார்பென்டாசிம் டிக்காவைக் கேட்கும், துருவை அசைக்காது. அதையே திரும்பத் திரும்ப அடித்தால் டிக்கா பூஞ்சணமும் அதற்குப் பழகிவிடும். மான்கோசெப், குளோரோதலோனில் இரண்டும் புள்ளி, துரு இரண்டுக்கும் பயன்படும். இரண்டு நோயும் கலந்து தெரிந்தால் இவற்றில் ஒன்றை வாங்குவதே நல்லது. அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்று கணக்கிட்டால் 400 கிராம் ஆகும். இவை இலையின் மேல் படிந்து நின்று காப்பவை. ஆகவே அடி இலையும் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். அடித்தவுடன் மழை பிடித்துக் கழுவிவிட்டால் பயன் குறையும். முதல் புள்ளிகள் கண்டதும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை. பாதி இலை கொட்டிய பிறகு அடிக்கும் மருந்து போன இலையைக் கொண்டு வராது. முகத்தை மூடி, காற்றுக்கு எதிரே நிற்காமல் அடியுங்கள். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

இலை கொட்டினால் காய் திரளாது. விழுதும் நைந்து, பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நோய் முற்றிய கொல்லையில் விளைச்சல் பாதியாகக் குறைவதும் உண்டு.

பூஞ்சணம் உதிர்ந்த சருகிலும், போன போகத்துக் காயிலிருந்து தானாக முளைத்த செடியிலும் தங்கியிருந்து அடுத்த பயிருக்கு வருகிறது. அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். அறுவடைக்குப் பின் சருகு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக உழுங்கள். அடுத்த போகம் அதே நிலத்தில் கடலையே வேண்டாம். கடலையில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை கம்போ சோளமோ ஊடுபயிராக விட்டால் பின்பருவப் புள்ளி குறைகிறது என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கம்பு வீட்டுக்கும் ஆகும்.

குர்பானிக்கு ஆடு வளர்க்கும் வீடுகளுக்குக் கடலைக்கொடி பெரிய தீவனம். மருந்து அடித்த கொல்லையில் ஆட்டை மேயவிடாதீர்கள். களையெடுத்த செடியையும் போடாதீர்கள். கொடி வாங்குகிறவர்கள் கடைசியாக எப்போது, எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாளைச் சரிபார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.